மழைக்கு வரும் மாமா

கண்ணாடிக்கடைக்காரர் அன்று காலையில் ஒரு மூக்குக்கண்ணாடியின் இடது கையை வலப்பக்கமும் வலது கையை இடப்பக்கமும் மாட்டிவிட்டார். வாங்க வந்தவர் அதைப் போட்டுப் பார்த்து, "என்னங்க, காதுக்கு மேல கொம்பு மாதிரி நிக்குது?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. பாவம், கை திருப்புளியில் இருந்தது, கண் மேஜைமேல் கிடந்த போனில் இருந்தது. அந்தப் போனோ வாயைத் திறப்பேனா என்று கிடந்தது.

வீட்டை வாங்குவதாகச் சொன்ன நர்ஸ் பேச்சையே காணோம். முடித்துக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தை கொடுத்தவர், இவர் கூப்பிட்டாலும் இப்போது எடுப்பதில்லை. பின்வாங்கிவிட்டாரோ என்று கடைக்காரர் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? அவர் மனைவி டீச்சர். வேறு ஊருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்புவார். கட்டிய மனைவியை விருந்தாளி மாதிரி பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வந்து, விருந்தாளி மாதிரியே வழியனுப்ப வேண்டியிருந்தது. வீடு விற்றால் கடையையும் அந்த ஊருக்கே மாற்றிக்கொண்டு இருவரும் ஒன்றாக இருக்கலாம். விற்காவிட்டால் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்ன வேண்டியதுதான்.

வீடு நல்ல வீடுதான். ஆனால் அந்த வீட்டில் ஒரு மாமா இருந்தார்.

பின்பக்க அறைச் சுவரில் மழைக்காலத்தில் ஊறும் ஈரத்துக்கு டீச்சர் வைத்த பெயர் அது. தொப்பையும் தொந்தியுமாக ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதுபோல் கறை படரும். சொல்லாமல் வருவார், நன்றாகப் பரப்பிக்கொண்டு உட்காருவார், லேசில் போகமாட்டார் என்பதால் மாமா. "மேகம் கறுக்குது, மாமாவுக்குப் பாய் போடுங்க" என்று டீச்சர் சொல்வதும், இவர் சிரிப்பதும் பழகிப்போயிருந்தது. கொத்தனாரை அழைப்பது மட்டும் பழகவில்லை.

முன்னால் வந்த இரண்டு பேர் மாமாவைப் பார்த்த மாத்திரத்தில் ஓடிவிட்டார்கள். அதன் பிறகு புரோக்கர்தான் வழி சொன்னார். எதற்கெடுத்தாலும் "ஆச்சு, ஆச்சு" என்பதால் அவருக்கு ஊரில் ஆச்சு அண்ணன் என்றே பெயர். "ரெண்டு கோட்டிங் பெயின்ட் அடிங்க, முன்னால பெரிய பீரோவை நகர்த்தி வைங்க. ஆச்சு! வாங்குறவன் பீரோவைத் தூக்கியா பார்க்கப் போறான்?" என்றார். கடைக்காரர் மனைவியிடம் கேட்காமலேயே அப்படிச் செய்தார்.

நர்ஸுக்கு வீடு பிடித்துவிட்டது. அதிலும் அந்தப் பின்னறை ரொம்பவே பிடித்தது. "எங்க அப்பாவுக்கு வீசிங் இருக்கு, மூச்சு இழுக்கும். தெருப் புகை இங்க வராது. இந்த ரூம் அவருக்குத்தான்" என்றார். கடைக்காரர் ஈரத்தைப் பற்றி மூச்சு விடாமல் அடுத்த அறையைக் காட்ட அழைத்துப் போனார்.

பாழாய்ப்போன வாய் அன்றைக்கே காட்டிக் கொடுத்தது. விலை பேசி முடித்து எழுந்திருக்கும்போது படபடவென்று மழை. பழக்க தோஷம், "அய்யய்யோ, மாமா வந்துடுவாரே!" என்று கத்திவிட்டார்.

"எந்த மாமா?" என்றார் நர்ஸ்.

ஆச்சு அண்ணன் சட்டென்று புகுந்தார். "அவங்க சொந்தக்காரர்மா. மழைக்காலத்துல வந்து பின்ரூம்ல கொஞ்ச நாள் தங்குவாரு. அவ்வளவுதான்."

நர்ஸின் முகம் சுருங்கியது. அன்று போனவர்தான்.

இப்போது கடைக்குள் ஆச்சு அண்ணன் வியர்க்க விறுவிறுக்க நுழைந்தார்.

"காரியம் கெட்டுதுங்க. அந்தம்மா பயப்படுறாங்க. மாமாவுக்கு வீட்டுல பங்கு இருக்கா, வாங்கின பிறகும் வந்து உட்காருவாரான்னு கேக்குறாங்க. மாமா நேர்ல வந்து 'எனக்கு உரிமை எதுவும் இல்ல'ன்னு சொல்லணுமாம்."

"சுவத்தை எப்படிங்க நேர்ல கூட்டிட்டு வர்றது?"

"அதுக்கு ஆள் பிடிச்சாச்சு. நம்ம சைக்கிள்கடைக்காரர். தொப்பைகூட அளவெடுத்த மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போவாரு. ஆச்சு!"

கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்ட் நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டிவிட்டார்.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கிய டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"மாமாவை ஒளிச்சு வெச்சதே தப்பு. இப்போ மாமாவுக்கு ஒரு டூப் வேறயா?"

"நீ அங்கயும் நான் இங்கயும் எத்தனை நாளைக்கு இருக்கிறது, சொல்லு?"

"எனக்கு மட்டும் ஆசையா இல்லையா? ஆனா பொய் சொல்லித்தான் உங்களோட குடும்பம் நடத்தணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் தன் அப்பாவோடு வந்தார். பெரியவர் நான்கு படி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றார். நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கினாலும் ஆள் கலகலப்பானவர். "வீடு ஜோரா இருக்கே!" என்றபடி பின்னறைக்குப் போய், பீரோவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சைக்கிள்கடை மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார். "நான்தான் மாமா. எனக்கு உரிமை எதுவும் இல்ல. பீரோவைத் தொடவேண்டாம்." கடைசி வாக்கியம் ஆச்சு அண்ணன் அவர் காதில் மட்டும் சொன்னது. அதையும் சேர்த்து ஒப்பித்துவிட்டார். ஆச்சு அண்ணன் பலமாக இருமினார்.

நர்ஸ் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பெரியவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார் அப்படிச் சொல்றீங்க? வழக்கமா வந்து தங்குற இடமாச்சே. வீடு கைமாறினா உறவு அறுந்துடுமா? மழைக்கு நீங்க தாராளமா வாங்க. இதே ரூம்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துக்கலாம். எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

மாமாவோடு சேர்ந்து இந்த அறையில் படுப்பதா? கடைக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த விசில் சத்தம் மழைக்காலம் முழுக்க இந்தச் சுவருக்குப் பக்கத்தில் கிடந்து திணறுவது கண்ணில் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஐயா, எழுந்திரிங்க. இந்த ரூம் உங்களுக்கு வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டுப் பீரோவைத் தள்ள ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க!" என்று ஆச்சு அண்ணன் அலறினார். பீரோ அசையவில்லை. டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். நர்ஸும் ஒன்றும் புரியாமல் ஒரு மூலையைப் பிடித்தார். கிறீச்சென்று பீரோ நகர்ந்தது.

புதுப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. நடுவில் கால் நீட்டி, தொப்பையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர்.

"இவர்தாங்க எங்க மாமா" என்றார் கடைக்காரர். "மழைக்கு ஊறுற ஈரம். அப்பாவுக்கு இந்த ரூம்னு நீங்க சொன்னப்பவே சொல்லியிருக்கணும். மறைச்சுட்டேன். நீங்க வேண்டாம்னு போனாலும் சரிதான்."

சைக்கிள்கடைக்காரர் தயங்கியபடி, "அப்போ நான் கிளம்பலாங்களா?" என்றார்.

நர்ஸ் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொங்கிப் பொங்கிச் சிரித்தார். பெரியவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"வேண்டாம்னு சொல்லிடலாம்னுதாங்க இருந்தேன்" என்றார் நர்ஸ். "நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எதுன்னு தெரியாததுதான் பயம். இதுவரைக்கும் பார்த்த வீட்டுல எல்லாம் ஏதாவது ஒரு மாமா இருந்திருப்பாருங்க. யாரும் அறிமுகப்படுத்தி வெச்சதில்ல. அப்பா முன்ரூம்ல இருக்கட்டும். இந்தச் சுவத்தைச் சரிபண்ணிக் கொடுங்க. வீட்டை நான் வாங்கிக்கிறேன்."

டீச்சர் புருஷனைப் பார்த்த பார்வையில் நேற்றைய கோபம் போன இடம் தெரியவில்லை.

கொத்தனார் வந்து மாடியில் உடைந்திருந்த மழைநீர்க் குழாயைக் காட்டினார். இத்தனை வருஷமாக மாமாவை அழைத்து வந்தது அதுதான். குழாயை மாற்றி, சுவரை உரித்துப் பூசிக் காயவிட்டார்கள். அடுத்த பெரிய மழையில் கடைக்காரர், டீச்சர், நர்ஸ், பெரியவர், ஆச்சு அண்ணன் ஐந்து பேரும் சுவருக்கு எதிரில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வெளியே கொட்டு கொட்டென்று கொட்டியது. சுவர் காய்ந்தே கிடந்தது.

"மாமா வரலை!" என்று பெரியவர் கை தட்டினார். டீச்சர் எழுந்து நின்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். பத்திரம் எழுதிவிட்டால் இனி சனிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் போக வேண்டியதில்லை.

பத்திரம் முடிந்து வெளியே வரும்போது ஆச்சு அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "குறையைச் சொல்லியும் வீடு வித்துடுச்சே, ஆச்சரியம்தான்!"

"சொல்லியும் இல்லண்ணே, சொன்னதாலதான் வித்துச்சு" என்றார் கடைக்காரர். "வாங்குறவங்க பின்வாங்கிடுவாங்களோன்னு நானும் தூக்கம் கெட்டு அலைஞ்சேன். வீட்டுல இருக்கிற குறையைச் சரிபண்ணிடலாம். அதை மறைச்சு வித்தா, இன்னொருத்தர் மூச்சை வித்த மாதிரி. இனிமே யாருக்கு வீடு காட்டினாலும் முதல்ல பீரோவை நகர்த்திக் காட்டுங்க."

ஆச்சு அண்ணன் மெதுவாக, வழக்கமான வேகம் எதுவும் இல்லாமல், "ஆகட்டும்" என்றார்.