மூடியின் உள்பக்கம்

துளையூசி ஒடிந்தபோது பெரிதாகச் சத்தம் வரவில்லை. விரலுக்குள் இருந்த அழுத்தம் சட்டென்று இல்லாமல் போனது, அவ்வளவுதான். அவன் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைச் சரிசெய்துகொண்டு பார்த்தான். குண்டூசிப் பருமனில் ஒரு துண்டு இரும்பு, கைக்கடிகாரத்தில் பட்டை கோக்கும் காதுக்குள் விளிம்போடு விளிம்பாக நின்றது. இடுக்கியால் பிடித்து இழுக்கத் தலை இல்லை.

"போச்சா?" என்றார் சாவி வெட்டுகிறவர். வணிக வளாகத்து மாடிப்படிக்குக் கீழே இருவருக்கும் ஒரே கடை. நடுவில் கண்ணாடித் தடுப்பு. அது பேச்சைத் தடுத்ததில்லை.

"போச்சு."

"ஃபிஸிக்ஸ் படிச்ச கைக்கே இந்த கதியா? அப்ப நாங்கல்லாம் எம்மாத்திரம்!"

சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்ததாகத்தான் அவன் நினைத்துக்கொண்டான்.

கடிகாரம் அவன் மனைவியுடையது. அவள் போய் எட்டு மாதம். பட்டையைப் பிடிக்கும் முள் காதுக்குள் முறிந்து மாட்டிக்கொண்டதால், கடைசி ஒரு வருடம் நூலால் கட்டித்தான் ஓட்டினாள். "ஊர்ல இருக்கிற கடிகாரமெல்லாம் பாக்கிறீங்க, வீட்டுக் கடிகாரம் கண்ணுல படாதா?" என்பாள். "பாக்கலாம்" என்பான். பார்க்கலாம் என்பதிலேயே வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் மாமியார் கூப்பிட்டார்.

"மாப்ளே, சின்னவ திங்கக்கிழமை வேலைல சேர்றா. அக்கா வாட்ச்சைக் கட்டிக்கிட்டுப் போகணும்னு ஒரே பிடிவாதம். உங்களுக்குச் சரின்னா..."

"சரி அத்தை."

சரி சொல்ல இப்போதெல்லாம் அவனுக்கு நேரம் பிடிப்பதில்லை. துணிமணியைக் கேட்டார்கள், சரி. தையல் மெஷினைக் கேட்டார்கள், சரி.

இதில் மட்டும் ஒன்றை அவன் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடிகாரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசிமுனையால் தேதியும் தன் குறியும் கீறிவைப்பார்கள். அடுத்துத் திறக்கிறவனைத் தவிர யார் கண்ணிலும் படாது. இந்த மூடியில் மூன்று தேதிகள் இருந்தன, மூன்றும் அவன் கை. முதலாவது, அவள் வாடிக்கையாளராக வந்து நின்ற நாள். இரண்டாவது, கல்யாணத்துக்குப் பிறகு, அவள் கடிகாரத்தோடு குளித்து உள்ளே தண்ணீர் புகுந்தபோது. மூன்றாவது, அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம் பேட்டரியை மட்டும் மாற்றியது.

கடிகாரத்தைக் கொடுத்துவிடலாம், மூடியை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தான். பழைய சாமான் டப்பாவைக் கிளறி அதே அளவில் வெற்று மூடி ஒன்றைத் தேடியும் வைத்தாயிற்று. யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்று வெள்ளி. முறிந்த முள்ளைக் கரைத்தே எடுத்திருக்கலாம். இரண்டு நாளாகும் என்று துளைக்கப் போனான். இப்போது முள்ளுக்குத் துணையாக ஊசியும். இனிக் கரைப்பதைத் தவிர வழியில்லை.

அதற்கான மருந்து படிகாரம். சூடான படிகாரத் தண்ணீர் இரும்பைத் தின்னும், பித்தளையைத் தொடாது. கடிகாரக் கூடு பித்தளை. மருந்துக்கடையில் ஒரு கட்டி வாங்கி வந்தான்.

"இது ஷேவ் பண்ணிட்டுத் தடவுறதாச்சே?" என்றார் சாவிக்காரர். "காடு மாதிரி தாடியை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்குப்பா இது?"

கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றினான். இயந்திரத்தை எடுத்துச் சிறு டப்பியில் போட்டு மூடினான். பின்மூடியின் உள்பக்கத்தை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைக் காலிக் கூட்டிலேயே திரும்ப அழுத்தினான். கூடும் மூடியும் பிரிந்திருந்தால் ஒன்று தொலைந்துபோகும். ஏழு வருடமாகக் கை தன்பாட்டுக்குச் செய்கிற காரியம். அப்படியே ஜாம் பாட்டிலுக்குள் இறக்கி, காபி ஆறாமல் இருக்க வைக்கும் மின்தட்டின்மேல் பாட்டிலை வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் குமிழிகள் கிளம்பின.

"காதுலதானே இரும்பு?" சாவிக்காரர் தடுப்பில் மூக்கை அழுத்திப் பார்த்தார். "நடுவுலயும் பொங்குதே?"

"ம்."

அவனும் பார்த்தான். பார்த்தது மண்டைக்குள் இறங்கவில்லை.

மாலையில் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையல் மேடையில் வைத்தான். சனிக்கிழமை கடைக்கு, மறுபடி வீட்டுக்கு. தண்ணீர் பழுப்பாகும்போதெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினான். காத்திருப்பது அவனுக்குச் சிரமமாக இல்லை. எட்டு மாதமாக வேறெதுவும் செய்யவில்லை.

ஞாயிறு காலை கடையைத் திறந்து, பிளாஸ்டிக் இடுக்கியால் கூட்டை வெளியே எடுத்தான். ஊசியும் இல்லை, முள்ளும் இல்லை. காதின் துளை வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது.

கூட்டைத் திருப்பினான். உள்ளிருந்து கறுப்பாக ஏதோ வழிந்தது.

மூடி இரும்பு. மேலே நிக்கல் பூச்சு. தொழில் பழகுகிற பையனுக்குக்கூடத் தெரிகிற விஷயம். பூச்சு இருந்த இடமெல்லாம் பளபளவென்று அப்படியே இருந்தது. அவன் ஊசி பூச்சைக் கீறிய இடங்களில் மட்டும் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. மூன்று தேதிகளும் ஒன்றோடொன்று கலந்து கறுப்புக் குழிகளாகக் கிடந்தன.

"கரைஞ்சிடுச்சா?"

"கரைஞ்சிடுச்சு."

வெற்று மூடியை எடுத்தான். ஊசியை எடுத்தான். முதல் தேதியைக் கீறினான். மூன்றாவதையும் கீறினான். நடுவில் விட்ட இடம் அப்படியே இருந்தது. வருடம் தெரிந்தது. நாள் வரவில்லை. அந்த வாரம் என்ன வேலை செய்தான், யார் வந்தார்கள், ஒன்றும் வரவில்லை.

பதினோரு மணிக்கு மச்சினி வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெடியா மாமா? ஐயோ, இதென்ன கருகிப்போய்க் கிடக்கு?"

சொன்னான். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவள் கெட்டுப்போன மூடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அக்கா அதைக் கட்டிக்கிட்டே குளிச்சிட்டாளே, எப்பன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? ரெண்டாவது தேதி அதுதான்" என்றான்.

அவள் சாவிக்காரர் பக்கம் பார்த்தாள். அவர் மும்முரமாகச் சாவி அராவத் தொடங்கினார்.

"ஜூலை பதினேழு" என்றாள்.

"எப்படி?"

"அன்னிக்கு எனக்கு ரிசல்ட். கேக்காம எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன். மழையில மாட்டிக்கிட்டேன். நீங்க வாட்ச்சுன்னா உசிர விடுவீங்க, திட்டுவீங்கன்னு அழுதேன். அக்காதான், நான் பாத்துக்கறேன் நீ போன்னா. குளிச்சுட்டேன்னு உங்ககிட்ட சொன்னாளாமே?"

சொன்னாள். அவன் விடவில்லை. கடிகாரத்தோட குளிக்கிற மகாராணி என்று பெயர் வைத்தான். விருந்தாளி வந்தால் இதைச் சொல்லித்தான் சிரிக்க வைப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.

"மறுநாள்தான் திறந்தேன்" என்றான்.

"அப்ப பதினெட்டு."

பதினெட்டு என்று கீறினான். கீழே இன்றைய தேதியையும் தன் குறியையும் போட்டான். கூட்டைக் கழுவித் துடைத்து, இயந்திரத்தை இறக்கி, கண்ணாடியைப் பொருத்தி, நேரத்தைத் திருத்தி, அந்த மூடியையே வைத்து அழுத்தினான். 'டக்'கென்று உட்கார்ந்தது. கெட்ட மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"மாமா, எழுதினதெல்லாம் என்கிட்ட வந்துடுச்சே."

"இருக்கட்டும். பேட்டரி போனா வேற யார்கிட்டயும் போகாதே."

"காசு குடுத்துப் பழக்கமே இல்ல எனக்கு, வேற யார்கிட்ட போவேன்!"

புதுப் பட்டையை மாட்டிக் கொடுத்தான். அவள் மணிக்கட்டு அக்காவுடையதைவிட ஒல்லி. கடிகாரம் வளையல் மாதிரி நழுவியது. அவன் பட்டையைக் கழற்றி, இன்னொரு ஓட்டை போட ஊசியைத் தேடினான்.

தடுப்புக்கு மேலே ஒரு கை நீண்டது.

"ஓட்டை போடற வேலை மட்டும் உனக்கு வேணாம்ப்பா. இப்படிக் குடு" என்றார் சாவிக்காரர்.

கொடுத்தான்.