எளிதில் காணலாம்

"இதுதானே கடைசி வருஷம்?"

போன வருடம் கணவன் இப்படிக் கேட்டபோது அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. இதுக்கு மேல ஆராய்ச்சியை இழுத்தா நானே ஓடிப்போயிடுவேன்."

"முதலாளி புது ஊர்க் கடையை எனக்காக ஒரு வருஷம் நிறுத்தி வச்சிருக்கார். இன்னொரு தடவை கேட்டா வேற ஆளைப் போட்டுடுவார், சொல்லிட்டேன்."

"அடுத்த வருஷம் நான் டாக்டர், நீங்க மேனேஜர். போதுமா?"

"கணக்குக்கு டாக்டர்! எந்தக் கணக்குக்குக் காய்ச்சல் வந்தாலும் உன்கிட்டயே அனுப்பறேன்."

அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். இப்போது, இந்த மாத முடிவில் புதுக் கடையில் சேர வேண்டும். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கழுத்தளவு அடுக்கியிருந்தன. அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். அது முடிந்தால் பட்டம், பிறகு புது ஊர், புது வீடு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு வரியை அவள் பார்க்கும்வரை.

தேர்வில் திரையில் காட்டுவதற்காக ஆய்வேட்டைச் சுருக்கிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக ஓடிய நிரூபணத்தை ஒரே திரைக்குள் அடக்கினால், மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டவில்லை. பூட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி உண்டு என்று நிரூபித்துவிட்டு, எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரே சாவியைக் கையில் வைத்திருப்பவள்போல அடுத்த வரியில் நடந்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே, "இதிலிருந்து எளிதில் காணலாம்" என்று எழுதியிருந்தாள்.

ஆராய்ச்சி அறையில் பக்கத்து மேசைக்காரி அடிக்கடி சொல்வாள்: "எளிதில் காணலாம்னு எவன் எழுதுறானோ, அவன் அங்க எட்டியே பார்க்கலைன்னு அர்த்தம்."

அவளும் எட்டிப் பார்த்திருக்கவில்லை. நான்காம், ஐந்தாம் அத்தியாயங்கள் அந்த வரியின் தலைமேல்தான் நின்றன.

சிறிய எண்களைப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. உயிர் திரும்பியது. கொஞ்சம் பெரிய எண்ணைப் போட்டாள். ஒரே அளவில் நிற்க வேண்டிய விடை வீங்கியது. அதைவிடப் பெரியதைப் போட்டபோது இன்னும் வீங்கியது.

வீட்டில் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. "தேர்வு பயம்" என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். மாமியார் தொலைபேசியில், "வெளி ஆளுங்களும் வந்து கேக்கலாமாமே? நானும் உங்க மாமாவும் முதல் வரிசையில உக்காந்துக்கறோம். புரியலன்னாலும் தலையாட்டறோம்," என்றார். அவளும் சரி என்றாள். பேசி முடித்த பிறகும் தொலைபேசி கையிலேயே இருந்தது.

இன்று காலை வழிகாட்டிப் பேராசிரியை கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் இரண்டு உறைகள்.

"தேர்வாளர்கள் ரெண்டு பேரோட அறிக்கையும் வந்தாச்சு. ரெண்டு பேருமே பட்டம் குடுக்கலாம்னுட்டாங்க. மூணாவது அத்தியாயத்தைத்தான் ரொம்பப் புகழ்ந்திருக்காங்க."

யாரும் கவனிக்கவில்லை! அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இந்த அறையைவிட்டு வெளியே போனால் போதும். அப்புறம் வாழ்நாள் முழுக்க, எங்கோ யாரோ அந்தப் பக்கத்தைப் புரட்டும் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"மேடம், மூணாவது அத்தியாயம் தப்பு."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விளையாடாதே."

அவள் எழுந்து கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். சுண்ணக்கட்டி இரண்டு முறை ஒடிந்தது. பேராசிரியை அந்தப் பெரிய எண்ணை அழித்துவிட்டு, தாமே ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதுவும் வீங்கியது.

"நானும் தானே நாலு தடவை படிச்சேன்," என்றார் மெதுவாக. "உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் இல்லை."

"சரி பண்ண முடியுமா மேடம்?"

"ஒரு வருஷம் ஆகும். ஆகாமலும் போகலாம். ஆனா வாராவாரம் இந்தப் பலகை முன்னாடி வந்து நிக்கணும். வேற ஊர்ல இருந்துகிட்டு போன்ல நடக்கிற வேலை இல்ல இது. தேர்வை நிறுத்தணும்னா நாளைக்குள்ள எழுதிக் குடு."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிழையைக் கண்ட நாள் முதல் அவனிடம் கேட்கத் தயங்கிய வாக்கியம். அதைக் கேட்டதும் அவன் முகம் எப்படி மாறும் என்பதை மட்டும் அவளால் போட்டுப் பார்க்க முடியவில்லை.

அவன் சமையலறைப் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க டாக்டரம்மா! அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க." நிமிர்ந்தான். "ஏய், என்ன ஆச்சு? ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கே?"

"தப்பு பண்ணிட்டேங்க. ஆய்வேட்டுல. நடுவுலயே ஓட்டை. மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

"சரி பண்ணிடலாம்ல? ரெண்டு நாள், மூணு நாள் உக்காந்தா..."

அவள் தலையசைத்தாள், இல்லை என்று. அவன் கையிலிருந்த நாடா பெட்டிமேல் பாதியில் நின்றது.

"நான் மட்டும் ஹாஸ்டல்ல தங்கிக்கலாமான்னும் யோசிச்சேன்," என்றாள். "தனியா இருந்தா இதை நான் முடிக்க மாட்டேங்க. பயத்துலயே செத்துடுவேன்."

"என்ன பண்ணணுங்கறே? நேராச் சொல்லு."

இரண்டு கைகளாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வேலையை விட்டுடுங்க. இன்னும் ஒரு வருஷம் என்கூட இங்கயே இருங்க."