மூன்று மணிக் கறவை

தாய் முழுமையாக எழுந்து நிற்பதற்குள் கிளென் மடக்கு நாற்காலியை மணலிலிருந்து பிடுங்கினான். உருங்காக் கடற்கரையில் அப்போது மணி ஒன்றே முக்கால். மலைமேல் டொரிகோவிலுள்ள பண்ணைக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். மூன்று மணிக்கு நூற்று நாற்பது பசுக்கள் கறவைக் கொட்டிலின் வாயிலில் வந்து நிற்கும்.

“இருந்துட்டுப் போலாம்டா,” என்றாள் நோரீன். “கல்யாணமாகி அம்பத்திரண்டு வருஷம். காலைக் கறவை முடிஞ்சதும் எறங்கி வருவோம். ரெண்டு மணிக்குள்ள உங்கப்பா வண்டியக் கெளப்பிடுவாரு. சாயங்காலம் இந்தக் கடல் எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல.”

“அடுத்த வாரம் வரலாம்மா.”

“அடுத்த வாரம் நீ வருவ. நான் இருப்பேனா?”

அவளுடைய இதயம் இன்னும் சில வாரங்களே தாங்கும் என்று மருத்துவர் கூறியிருந்ததை மூவரும் அறிவர். சிட்னியிலிருந்து வந்திருந்த அக்காள் ராபின் தம்பியை மறித்து நின்றாள்.

“ஒரு நாள் லேட்டாக் கறந்தா உன் மாடெல்லாம் வெடிச்சிடுமா?”

“மடி கட்டிக்கும். உனக்குப் பால் கடையில பாட்டில்ல காய்க்குது, எங்க தெரியப்போவுது?”

“வேற யாரையாவது கறக்கச் சொல்லேன்.”

“என் மாடு இன்னொருத்தனுக்குப் பால் எறக்காது.”

அது உண்மையன்று. இயந்திரம் கறக்கின்ற கொட்டிலில் எவன் கையாயிருந்தாலும் பசுவுக்கு ஒன்றுதான். மறைந்த தந்தையிடமிருந்து நிலத்தோடு சேர்ந்து வந்த வறட்டுப் பெருமை அது; அதற்குப் பாசம் என்றும் பொறுப்பு என்றும் பெயர் சூட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவே. நோரீன் காலணிக்குள் புகுந்திருந்த மணலைத் தட்டாமலே காரில் ஏறினாள்.

பெல்லிஞ்சன் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மரமேற்றிய லாரியொன்று முன்னால் ஊர்ந்தது. முந்த வழியில்லை. கிளென் விரல்களால் ஸ்டீயரிங்கைத் தட்டினான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மீண்டும் தட்டினான். சாலையோர அருவியின் சாரல் முன்கண்ணாடியில் வீசியடித்தது. பின்னிருக்கையில் ராபினுக்குப் பக்கத்தில் தாயின் தலை ஜன்னலில் சாய்ந்திருப்பது பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தது.

“கிளென், வண்டிய நிறுத்து.”

“வளைவுல நிறுத்த முடியாது.”

“நிறுத்துடா.”

அக்காளின் குரலைக் கேட்டு ஓரங்கட்டினான். ராபின் தாயின் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

“எப்போ?”

“தெரியல. அருவிச் சத்தம் கேக்குதாம்மான்னு கேட்டேன். பதிலே இல்ல.”

கிளென் தாயின் கன்னத்தைத் தொட்டான். பிறகு, பழக்கத்தினால், மணி பார்த்தான். இரண்டு முப்பத்தைந்து. ராபின் அதைக் கண்டாள். லாரி மேலே எங்கோ மறைந்துவிட்டிருந்தது. கிளென் மீண்டும் வண்டியைக் கிளப்பினான்.

பண்ணைக்குள் கார் நுழைந்தபோதே இயந்திரத்தின் ஓசை கேட்டது. பக்கத்துப் பண்ணை ராஸ் ஈர மேலங்கியோடு கொட்டிலிலிருந்து வெளியே வந்தான்.

“அதுக்குள்ள ஏன்டா ஓடி வந்த? நீங்க மலை எறங்கறதைக் காலையில பாத்தேன். உங்கம்மா இன்னிக்காவது ஆற அமர இருந்துட்டு வரட்டும்னு ரெண்டு மணிக்கே கறக்க ஆரம்பிச்சிட்டேன். முன்னாலயே சொன்னா நீ விட மாட்டியே!” என்று சிரித்தவன், காரின் பக்கம் எட்டிப் பார்த்தான். “என்ன, தூங்கிட்டாங்களா?”

ராபின் காரைவிட்டு இறங்கவில்லை.

கறந்து முடிந்த பசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புல்வெளிக்கு நடந்துகொண்டிருந்தன. கிளென் அவற்றினிடையே புகுந்து, ஒரு பசுவை நிறுத்திக் குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்தான். தளர்ந்திருந்தது. அடுத்ததைத் தொட்டான். அதற்கும் அடுத்ததைத் தொட்டான்.