கையிருப்பு ஒன்று

கனகசபாபதி தம் மருந்துக்கடையில் யாரையும் ‘இல்லை’ என்று சொல்ல விடமாட்டார். வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்கிறோமே, அந்த மாதிரி. கடைக்காரன் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டால் லட்சுமி படியிறங்கிப் போய்விடுவாள் என்பது அவர் நினைப்பு. கேட்ட மருந்து தீர்ந்திருந்தால், ‘நாளைக்கு வரும்’ என்பார். முதுநகர் ஜனங்களும் அதைப் புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கடைக்குக் கணினி வந்தபோது சரக்குக் கணக்கு மருமகள் தாட்சாயிணியின் கைக்கு வந்தது. முதல் தடவை அவள் ஒரு மருந்துக்கு நேரே பூஜ்யம் போட்டதைப் பார்த்ததும் பெரியவருக்கு முகமே மாறிப்போயிற்று. “சுழியப் போடாதம்மா. கடைய மூடுறாப்ல இருக்குது. ஒண்ணுன்னு போட்டு வை” என்றார். போட்டு வைத்தாள். மாமனார் சொல்லைத் தட்டுவானேன், இதில் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள். கணினியில் ஒன்று என்று இருந்தால் அலமாரி காலி என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். கணினிக்கு மட்டும்தான் தெரியாது, பாவம்.

போன ஆடி மாதம் மருந்து விற்கிற ஆப்காரர்கள் வந்தார்கள். மாவட்டத்திலுள்ள மருந்துக்கடைகளின் சரக்குக் கணக்கையெல்லாம் இணையத்தில் கோத்துவிட்டார்கள். முதுநகரில் ஒரு டப்பா விற்றால் அடுத்த நிமிடமே அங்கே ஒன்று குறையும். எங்கோ உட்கார்ந்துகொண்டு போனில் தேடுகிறவருக்கு எந்தக் கடையில் எத்தனை இருக்கிறது என்று தெரியும். பணம் கட்டினால் சரக்கு அவர் பெயரில் ஒதுங்கிவிடும். நடுவில் மனிதர் வாயே திறக்க வேண்டாம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏற்பாடுதான். இணைப்புக் கொடுக்க வந்த வித்யாலட்சுமி என்ற பெண் போகும்போது, “ஸ்டாக்லாம் கரெக்டா இருக்குதுல்ல மேடம்?” என்று கேட்டாள். “இருக்குது” என்றாள் தாட்சாயிணி. அந்த ‘ஒன்று’கள் அப்போது அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. பல் தேய்ப்பதைப் போலப் பழகிப்போன விஷயம் யாருக்கு ஞாபகம் வரும்?

ஒரு திங்கட்கிழமை காலை அவளும் மாமனாரும் கடைக்கு வந்தபோது ஷட்டருக்கு முன்னால் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையில் அகலவாய் பிளாஸ்க் இருந்தது. மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஐஸ் கட்டிகள்.

“ஆப்புல புக் பண்ணிருக்கேன்க்கா. சனிக்கிழமை ராத்திரி. ஞாயித்துக்கிழமை கடை லீவு, திங்கக்கிழமை காலையில வந்து வாங்கிக்கலாம்னு மெசேஜ் வந்துச்சு” என்று போனை நீட்டினான். பழனிவேல், குடிகாடு என்றிருந்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். அவன் மனைவி தமிழ்ச்செல்விக்குத் தலைப்பிரசவம், வழக்கப்படி தாய்வீடான சிதம்பரத்தில். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. டாக்டர் கேட்ட மருந்து அங்கே எந்தக் கடையிலும் இல்லையாம்.

தாட்சாயிணி மருந்தின் பெயரைப் படித்தாள். தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் போடுகிற ஊசி அது. மூன்று நாளுக்குள் போட்டாக வேண்டும். போடாவிட்டால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. தாயின் ரத்தம் அடுத்த பிள்ளையை வயிற்றுக்குள்ளேயே எதிர்க்க ஆரம்பித்துவிடலாம். பத்து வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு இது தெரியாதா என்ன?

பிரிட்ஜைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரியும். இருந்தும் திறந்தாள். மேல்தட்டில் இன்சுலின் பெட்டிகள் இருந்தன. அந்த ஊசி வைக்கிற மூலையில் ஒன்றும் இல்லை. அது தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒன்று என்று போட்டு வைத்தவள் அவளேதான்.

பின்னால் மாமனாரின் குரல் கேட்டது. “நாளைக்கு வரும் தம்பி.”

“நாளைக்கா?” பழனிவேல் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “இன்னிக்கு பதினோரு மணியோட டைம் முடியுது சார். உங்க கடையில ஒண்ணு இருக்குதுன்னுதான போட்டிருந்துச்சு? எம் மச்சான் நேத்து பாண்டிச்சேரி போனாரு. நான் வாங்கியாரவான்னு கேட்டாரு. கெடச்சிடுச்சு மச்சான், வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

தாட்சாயிணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு சட்டென்று கணினி முன் உட்கார்ந்து மருந்தின் பெயரை அடித்தாள். மாவட்டத்தில் வேறு ஆறு கடைகள் வந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டாள். முதலில் திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்குப் போன் போட்டாள்.

“அதுங்களா? நாளைக்கு வந்துடும்” என்றார்கள்.

நெல்லிக்குப்பம் கடைக்குப் போட்டாள். “சாயங்காலம் வந்துடும், ஆள அனுப்பி வைங்க” என்றார்கள்.

மூன்றாவது எண்ணை அடிக்கப்போனவள் விரலை எடுத்துக்கொண்டாள். திரையையே பார்த்தாள். ஐந்து கடைகளுக்கு நேரே ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாக நின்றது. கனகசபாபதி மாதிரி மனிதர்கள் முதுநகரில் மட்டுமா இருக்கிறார்கள்? ஊருக்கு ஊர், கடைக்குக் கடை, சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு யாரோ ஒரு பெரியவர் யாரோ ஒரு மருமகளிடம் சுழியைப் போடாதே என்று சொல்லியிருக்கிறார். அத்தனை பொய்யையும் கணினி பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மரியாதையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஆறாவது பண்ருட்டிக் கடை. அதற்கு நேரே இரண்டு என்றிருந்தது.

போனை எடுத்த கடைக்காரர் ஜெயப்பிரகாஷ் இன்னும் வீட்டில்தான் இருந்தார். கடை ஒன்பதரைக்குத்தான் திறப்பார்களாம்.

“உங்க கணக்குல ரெண்டுன்னு காட்டுது. நெசமா எத்தினி இருக்குது?” என்று கேட்டாள்.

“என்னாம்மா இப்டி கேக்குறீங்க?”

“எங்க கடையிலயும் ஒண்ணுன்னுதாங்க போட்டிருக்கு. பிரிட்ஜ்ல ஒண்ணும் இல்ல. ஒரு பொண்ணுக்கு அவசரம். நீங்க போயி கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க.”

“புரியுதும்மா. இதோ போறேன்” என்று வைத்துவிட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறபோது போன் ஒலிக்காமல் கிடப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. பழனிவேல் பிளாஸ்க்கைக் கீழே வைக்காமலே நின்றான். உட்காரச் சொன்னதற்கும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டான். கடைசியில் ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. “ஒண்ணு இருக்குதும்மா. எடுத்து வெளியில வச்சிட்டேன். வரச் சொல்லுங்க.”

தெற்கே சிதம்பரத்துக்குப் போக வேண்டியவன் மேற்கே பண்ருட்டிக்கு வண்டியைத் திருப்பினான்.

அவன் போனபின் கனகசபாபதி மெதுவாக, “பதினோரு மணிக்குள்ள போயிடுவானாம்மா?” என்று கேட்டார்.

“எப்டி மாமா போவான்? பறந்தா போவான்?” அப்படி எடுத்தெறிந்து அவரிடம் அவள் பேசியதே இல்லை.

நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நின்றனவாம். வடலூர் தாண்டி ஓரிடத்தில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்களாம். அவள் போன் செய்தபோதெல்லாம், “வந்துட்டே இருக்கேன்க்கா” என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம். பதினோரு மணி அடித்தபோது கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் யாருக்கோ இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு மணிக்கு மேல் பழனிவேலே பேசினான். “போட்டாச்சுக்கா.”

“டாக்டரம்மா என்னா சொன்னாங்க தம்பி?”

“டைம் தாண்டிடுச்சு, இருந்தாலும் போடாம இருக்கறதுக்குப் போட்டது நல்லதுன்னாங்க. முழுசா வேலை செய்யும்னு உறுதியா சொல்ல முடியாதாம். அடுத்தது வந்தா மொதல்லயே ரத்தம் டெஸ்ட் பண்ணணுமாம்.” கொஞ்சம் நிறுத்தி, “பண்ருட்டில சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்க்கா” என்றான்.

நன்றி வேறு. அவள் போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோது ஆப் தன் வேலையைத் தானே முடித்திருந்தது. பழனிவேல் கட்டிய பணம் அவன் கணக்குக்கே திரும்பிப் போயிற்று. ‘உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று அவனுக்குச் செய்தியும் போயிருந்தது. அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது.

“மாமா, இன்னிக்கு சுழி போடப்போறேன்” என்றாள்.

பெரியவர் நிமிர்ந்தார். “கடைய எங்கப்பாரு ஆரம்பிச்ச காலத்துலேந்து…” என்று தொடங்கினார்.

“அப்ப கேட்டவங்க நம்ம எதிர்ல நின்னு கேட்டாங்க மாமா. உங்க மூஞ்சப் பாத்தே தெரிஞ்சிக்கிட்டுப் போனாங்க. இந்த ஆப்பு மூஞ்சியா காட்டுது? எழுதி வச்சத அப்டியே காட்டுது. நம்பிட்டு ஒரு நாள் பூரா சும்மா இருந்திருக்கான் அந்தப் புள்ள.”

கனகசபாபதி எழுந்து வாசலில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்த்து, இல்லாததை இல்லை என்று எழுதினாள். எழுத எழுதத் திரையில் பூஜ்யங்கள் பெருகிக்கொண்டே போயின. இத்தனை பொய்யா சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. மறுநாள் அந்த ஐந்து கடைகளுக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் ‘பாக்கலாம்’ என்றார்கள். ஒருவர், “நீ யாரும்மா எனக்குச் சொல்றதுக்கு?” என்று வைத்துவிட்டார்.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு முற்பகலில் பழனிவேல் கடைக்கு வந்தான். குழந்தைக்குச் சொட்டு மருந்து வேண்டுமாம். சாதாரண வைட்டமின் மருந்து, எந்தக் கடையிலும் கிடைப்பது. தாட்சாயிணி எடுத்து வைத்தாள்.

“இதுக்கா வெயில்ல இம்மாந்தூரம் வந்தீங்க? ஆப்புல போட்டிருந்தா வீட்டுக்கே வந்திருக்குமே தம்பி.”

அவன் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “இருக்குதான்னு நேர்ல பாத்துட்டு வாங்கலாம்னு வந்தேன்க்கா” என்றான். குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

கல்லாவிலிருந்த கனகசபாபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “புள்ள எப்டி இருக்குது தம்பி? வீட்ல எப்டி இருக்குறாங்க?”

“புள்ள ஜோரா இருக்குது சார். நல்லா பால் குடிக்குது.” டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “அவதான் இனிமே புள்ளையே வேணாம்னு சொல்லிட்டா. டெஸ்ட் பண்ணிக்கலாம், ஒண்ணும் ஆவாதுன்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. பயந்துட்டா சார். வயித்துல வச்சிக்கிட்டு மாசாமாசம் என்னால சாவ முடியாதுங்கிறா.”

பெரியவர் கல்லாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இப்போது எல்லாம் சரி செய்துவிட்டோம், எங்கள் கடையில் இருக்கிறது என்று காட்டினால் நிச்சயம் இருக்கும், இனி நம்பலாம் என்று அவனிடம் சொல்ல வேண்டுமென்று தாட்சாயிணி அந்த ஒரு மாதமாக நினைத்து வைத்திருந்தாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.