கடைசி வாங்கில் விழுந்த வெளிச்சம்

நெல்லிப்புலம் ஆலயத்தின் கிழக்கு யன்னல் உடைந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியும், அதனூடாக வந்த வெளிச்சம் பொன்மலரின் இடது கன்னத்தை விட்டுப் போகவில்லை. அது சிவப்பு நிறம், உள்ளங்கை அகலம். காதோரமாக, கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயக் கம்பியின் நிழல் ஒரு மெல்லிய கறுப்புக் கீறலாகத் தெரியும். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் அது போகவில்லை. இருட்டிலும் தெரிந்தது, ஆனால் அதை வைத்து ஊசியில் நூல் கோர்க்க முடியாது. மழை நாட்களில் சற்று மங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியர் தோலில் குறையொன்றும் இல்லை என்று துண்டில் எழுதிக் கொடுத்தார். கரவெட்டிக்குப் போகும் வீதியில் கடை வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைத்து வாழ்ந்த அவளிடம் வந்தவர்கள் முதல் நாள் கன்னத்தைப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் அளவு கொடுத்தார்கள்.

அவள் ஒருத்திக்கு மட்டும் நடந்ததல்ல. பதினொரு பேருக்கு அப்படி ஒட்டியது. ஒன்பது என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் கைக்குழந்தைகள் இருவரை எண்ணாமல் விட்டவர்கள். பொன்மலரின் தாய் ஸ்ரெல்லாவுக்குத் தொண்டையில் ஊதா. தம்பி ஜெயதீபனுக்கு நெற்றியில் பச்சை. காதில் மஞ்சளோடு கனடாவுக்குப் போன ஒருவரை விமான நிலையத்தில் அதிகாரி ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கடவுச்சீட்டில் முத்திரை குத்தி அனுப்பினார். இறந்தவர்களின் நிறம் அவர்களோடு மண்ணுக்குள் போனது. 2024ஆம் ஆண்டு தொடங்கியபோது பதினொரு பேரில் எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் பொன்மலரும் ஜெயதீபனும்.

யன்னல் இங்கே பிறந்ததல்ல. இங்கிலாந்தில் ஒரு பேராலயத்தில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற கண்ணாடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருத்த வேலைக்காரர் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டார்கள். வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகளை ஒரு மிசனரி மூன்று பீப்பாய்களில் வைக்கோல் போட்டு அடைத்துப் பருத்தித்துறையில் இறக்கினார். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உள்ளூர்த் தச்சர் ஒருவரும் நகை செய்யும் தட்டார் ஒருவரும் ஈயத்தை உருக்கிப் பொருந்திய அளவுக்குப் பொருத்தினார்கள். ஆகவே யன்னலில் நின்ற பேதுரு அப்போஸ்தலருக்கு ஒரு கண் நீலமாகவும் மற்றது பச்சையாகவும் இருந்தது. தாடியில் திராட்சைக் குலை தொங்கியது. பக்கத்து மீனுக்குச் செட்டை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஓர் அரசனின் கை இருந்தது. 1874இல் ஆலயம் திறந்தபோது எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. துறைமுகத்திலிருந்து பீப்பாய்களைச் சுமந்தவர்களும் சுவருக்குக் கல் சுமந்தவர்களும் கீழ ஒழுங்கைக்காரர், ஊரின் ஓரத்துச் சந்தில் வாழ்ந்தவர்கள். திறப்பு விழாவில் அவர்களைப் பின்சுவரோரம் பாயில் இருத்தினார்கள்.

முன்வாங்குகள், சாய்மானமுள்ள மர இருக்கைகள், அன்றைக்கே குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டுவிட்டன. கீழ ஒழுங்கைக்காரர் தொண்ணூற்றுநான்கு ஆண்டுகள் பாயில் இருந்தார்கள். 1968இல் அவர்களுக்கென்று சாய்மானம் இல்லாத இரண்டு வாங்குகள் செய்து கடைசியில் போட்டார்கள், அதற்காக நன்றி சொல்லும் ஜெபமும் அவர்களைக் கொண்டே சொல்வித்தார்கள். நற்கருணைக் கிண்ணம் முன்னாலிருந்து வந்து அவர்களிடம் முடியும். இதற்கு ஊரில் ஒரு சொல் உண்டு. ஆலயத்துக்குள் அதை யாரும் உச்சரிக்கவில்லை, உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஆனால் இருக்கை பிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். யன்னல் பலிபீடத்துக்கு மேலே, கிழக்குச் சுவரில், உயரத்தில் இருந்தது. காலை ஏழு மணிச் சூரியன் தாழ இருக்கும். அது அனுப்பிய வெளிச்சம் முன்வாங்குகளின் தலைக்கு மேலாகப் போய் எழுபது அடி தள்ளிப் பின்சுவரடியில் விழுந்தது. ஆலயத்தின் நிறம் முழுவதும், தலைமுறை தலைமுறையாக, பாயில் இருந்தவர்களுக்குப் போனது. 1931இல் முன்வாங்குக்காரர் இதைக் கண்டுபிடித்து ஆராதனையை ஒன்பது மணிக்கு மாற்றினார்கள். வெளிச்சம் சொன்னபடி முன்னால் வந்தது. மத்தியானச் சமையல் பிந்தியது. ஐந்தாம் வாரம் ஆராதனை பழைய நேரத்துக்குத் திரும்பியது.

1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணி கழிந்து சில நிமிடங்களில், பக்கத்துப் பனங்காணியில் குண்டு விழுந்து யன்னல் சிதறியது. கண்ணாடி முன்வாங்குகளில் விழுந்து பலருக்குக் காயம். கடைசி வாங்குகள் இரண்டிலும் கண்ணாடி விழவில்லை. அங்கே இருந்த பதினொரு பேர்மீதும் அந்த நேரத்தில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது, திரும்பிப் போக அதற்கு யன்னல் இருக்கவில்லை. துண்டுகளை, ஆலயத்தைக் கூட்டிப் பராமரிக்கும் கோவிற்பிள்ளை பொறுக்கிப் பிஸ்கட் தகரங்களில் போட்டு மூடினார். யன்னலுக்குப் பலகை அடித்தார்கள்.

நூற்றைம்பதாவது ஆண்டுக்கு யன்னலைத் திருத்துவதென்று வெளிநாட்டில் இருந்த முன்வாங்குப் பிள்ளைகள் தீர்மானித்தார்கள். அந்தப் பழைய பேராலயத்தின் கண்ணாடிப் பட்டறையில் வேலை செய்த கிறிஸ்ரினா வந்தாள். தகப்பன் கரவெட்டி ஆள், அவள் பிறந்தது இங்கிலாந்தில். ஐந்து மாதம் தகரங்களைக் கொட்டி, துண்டுகளைத் தண்ணீரில் பஞ்சால் துடைத்து, தச்சரும் தட்டாரும் பொருத்திய அதே குழப்பத்தின்படியே மறுபடியும் ஈயம் பிடித்தாள். யூலை மாதம் யன்னல் ஏறியது. கண்ணாடியைப் பார்த்தால் சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் இருந்தது. அதனூடாகத் தரையில் விழுந்த வெளிச்சம் சுண்ணாம்பு வெள்ளை. அவள் கழற்றிப் பூட்டிப் பார்த்தாள். மூன்று நாள் காலையிலும் பார்த்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்துச் சுவரின் உயரத்தையும் தரையின் நீளத்தையும் அளந்தாள். பொன்மலரிடமும் ஜெயதீபனிடமும் விசாரித்து, அந்த ஞாயிறு யார் எங்கே இருந்தார்கள் என்று ஒரு தாளில் பதினொரு வட்டம் போட்டாள். வட்டங்கள் யன்னலின் வடிவத்தில் அமைந்தன.

சபைக் கூட்டத்தில் அவள் தாளை விரித்து, கண்ணாடியில் குறையில்லை, அதற்குரிய வெளிச்சம் இவர்களிடம் இருக்கிறது என்று விளங்கப்படுத்தினாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு, "இடம் எவ்வளவு கிடக்கு. ஏன் இவை எல்லாரும் பின்னுக்குப் போய் நெருக்கிக்கொண்டு இருந்தவை?" என்று கேட்டாள். கூட்டத்தில் ஒருவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டார். இன்னொருவர் அடுத்த விடயத்துக்குப் போகலாம் என்றார்.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரும் சபைச் செயலாளருமான அன்புராஜா இரண்டு நாள் கழித்துப் பொன்மலரின் வீட்டுக்கு வந்தார். எழுபத்தொரு வயதில் கீழ ஒழுங்கைக்குள் அவர் இறங்கியது அதுவே முதல் தடவை. வேலிப் படலையைத் திறக்கத் தெரியாமல் நின்றார். பொன்மலர் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"இப்பதான் பிள்ளை குடிச்சிட்டு வந்தனான்" என்றார் அன்புராஜா.

"அப்ப சோடா?"

"ஓம், சோடாவெண்டால் பரவாயில்லை."

உள்ளேயிருந்து ஜெயதீபன் குரல் கொடுத்தான். "அக்கா, சேருக்குப் போத்திலோடை குடு. கிளாசிலை ஊத்திப்போடாதை, பாவம்."

அன்புராஜா போத்திலை வாங்கி ஒரு வாய் குடித்தார். ஓகஸ்ட் இரண்டாம் ஞாயிறு திறப்பு விழா, இருவரும் ஏழு மணிக்குப் பழைய இடத்தில் ஒரு தடவை வந்து நின்றால் போதும், வந்த வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று சபை நினைக்கிறது என்றார். கையோடு நூற்றைம்பதாம் ஆண்டு நினைவு மலரில் ஒரு பிரதியும் கொண்டுவந்திருந்தார். பொன்மலர் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முப்பத்தேழாம் பக்கத்தில், காலைக் கதிரவனின் வண்ண ஒளி சபையார் அனைவர்மீதும் பேதமின்றிப் பொழிந்தது என்று அச்சாகியிருந்தது. அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். கன்னத்துச் சிவப்பு கழுத்துவரை இறங்கியது. அது வெளிச்சமல்ல, கோபம்.

"சேர், உந்த வரியை ஆர் எழுதினது?"

"நான்தான். ஏன் பிள்ளை?"

"என்ரை அம்மா பாயிலை இருந்தவ. அவவின்ரை அம்மாவும் பாயிலைதான். அது உங்களுக்குத் தெரியாதோ?"

"அதெல்லாம் பழைய கதை. இப்ப ஆர் உதுகளைப் பாக்கினம்?"

"பழைய கதையெண்டால் எழுதுங்கோவன். பழைய கதை எழுதத்தானே புத்தகம் அடிக்கிறியள்."

"அறுநூறு பிரதி அச்சாப் போச்சுது. இனி மாத்தேலாது."

"அப்ப என்ரை முகமும் அச்சடிச்சதுதான் சேர். மாத்தேலாது. என்ரை கன்னத்திலை இருக்கிறதை உரிச்சுக் கொண்டுபோய் மேலை ஒட்டிப்போட்டு, எல்லாருக்கும் விழுந்தது எண்டு வாசிக்கப் போறியள். நான் நிண்டு பாக்கவேணும், என்ன?"

அன்புராஜா சோடாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவர்களுடைய நன்றிகெட்டதனத்தைப் பற்றிச் சபை இரண்டு மணி நேரம் கதைத்தது. முடிவில் ஒருவருக்கு யோசனை தோன்றியது. வெளிச்சம் பின்னால் இருப்பவர்களைத்தான் விரும்புகிறது என்றால், பின்னால் இருக்க இவர்களைத் தவிர வேறு ஆட்கள் இல்லையா?

திறப்பு விழாவுக்கு முதல்நாள் பின்னேரமே கடைசி வாங்குகளில் இடம்பிடித்துக் கைலேஞ்சித் துணிகள் போடப்பட்டன. காலையில் அவற்றைக் கீழே தள்ளியவர்களுக்கும் போட்டவர்களுக்கும் வாய்ச்சண்டை நடந்தது. பதினொரு பேர் இருந்த வாங்குகளில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் கூறைச்சேலையோடும் கோட்டோடும் பின்சுவரடியில் தரையில் இருந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாகத் தங்களுக்கு ஆகாதிருந்த தரை அன்று காலை அவர்களுக்கு ஆகியது. பொன்மலரும் ஜெயதீபனும் வந்தபோது பின்னால் கால் வைக்க இடமில்லை. முன்னால் ஏழு வரிசை வெறுமையாகக் கிடந்தது. அவள் பெண்கள் பக்கத்து முதல் வாங்கிலும் அவன் ஆண்கள் பக்கத்து முதல் வாங்கிலும் போய் இருந்தார்கள். வாங்குகளில் மெத்தை போட்டிருந்ததை அன்றைக்குத்தான் அறிந்தார்கள்.

ஏழு மணிக்கு வெளிச்சம் அவர்களின் தலைக்கு மேலாகப் போய்ப் பின்னால் வெள்ளையாக விழுந்தது. இருபத்தாறு பேரும் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அன்புராஜா வாசிப்பு மேடையில் நின்று மலரை வாசித்துக்கொண்டிருந்தார். முப்பத்தேழாம் பக்கத்துக்கு வந்து, பேதமின்றி என்ற சொல்லை அவர் முடிக்கும்போது பொன்மலர் எழும்பினாள்.

"இல்லை சேர். பொய்."

அவள் பின்பக்கம் திரும்பி நின்றாள். "கிண்ணம் உங்கடை வாய் எல்லாம் பட்டுத்தான் எங்களுக்கு வந்தது. நற்கருணைப் பாணும் மிஞ்சினதுதான் வந்தது. வெளிச்சம் ஒண்டுதான் ஆரையும் கேளாமல் நேரை வந்தது. அதையும் விடமாட்டியளோ?" பிறகு விரலை நீட்டி, "அந்த மூண்டாம் தூணடி, அதிலை எங்கடை அம்மா ஸ்ரெல்லா" என்றாள்.

மூன்றாம் தூணடியில் ஊதா விழுந்தது. அங்கே இருந்த பெண்ணின் சேலையில் அது படவில்லை. சேலையையும் ஆளையும் கடந்து தரையில் விழுந்தது. பொன்மலர் அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெயராக, இருந்த இடத்தோடு, கைக்குழந்தைகள் இருவரையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல நீலமும் மஞ்சளும் பச்சையும் அந்தந்த இடத்தில் விழுந்தன. இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், பிறகு எழும்பிச் சுவரோடு ஒதுங்கினார்கள். கடைசியாக ஜெயதீபனுடைய இடத்தையும் தன்னுடைய இடத்தையும் சொன்னாள். பதினொரு நிறமும் தரையில் கிடந்தன. அவளுடைய கன்னத்துச் சிவப்பும் அவனுடைய நெற்றிப் பச்சையும் குறையவில்லை. போதகர் ஜெபிப்போமாக என்றார். மிச்ச ஆராதனையும் நடந்தது.

நிறங்கள் அன்று மாலையும் போகவில்லை. முகில் மூடிய நாளிலும் கிடந்தன. கிறிஸ்ரினா ஏறி யன்னலைப் பார்த்து, மாற்றமில்லை என்று குறித்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பினாள். மலரை விநியோகிக்க முடியவில்லை. கையில் வாங்கியவர்கள் முப்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். அன்புராஜா ஒட்டுவதற்கு ஒரு புதுப் பக்கம் எழுதிப் பொன்மலருக்கு அனுப்பினார். அதில் அக்கால வழக்கத்தின்படி என்று தொடங்கியிருந்தார். துணியில் கோடு போடும் தையல் சோக்கால் குறுக்கே கீறித் திருப்பி அனுப்பினாள். இரண்டாவதில் சிலர் பின்னால் அமர விரும்பினர் என்று இருந்தது. அதை அவள் கிழித்து அனுப்பினாள். மூன்றாவது பக்கம் வர இரண்டு மாதம் சென்றது. அவர்களை நாங்களே பின்னால் இருத்தினோம், நூற்றைம்பது ஆண்டுகள் இருத்தினோம் என்று அது சொன்னது. கீழே பதினொரு பெயர்கள் இருந்தன. பொன்மலர் வாங்கி வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லி அனுப்பவில்லை.

தரையில் கிடந்த நிறங்களை மிதிக்க ஒருவருக்கும் மனம் வராததால் கடைசி இரண்டு வாங்குகளையும் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு இடம் குறைந்ததில் சபை முழுவதும் முன்னால் நெருக்கி இருக்க வேண்டியதாயிற்று. பொன்மலர் முதல் வாங்கை விட்டு எழும்பவில்லை, எழும்பச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. மூன்று ஞாயிறு அவளுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. நாலாவது ஞாயிறு, நிற்கக் கால் ஏலாமல், அன்புராஜாவின் மனைவி அபிகாயில் வந்து இருந்தார். நடுவில் தன் கைப்பையை வைத்தார்.

பொன்மலர் பையைப் பார்த்தாள். கீழ ஒழுங்கைப் பெண் கஜந்தினி கைக்குழந்தையோடு தூணடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, பையை எடுத்து மடியிலை வையுங்கோ. அங்காலை கொஞ்சம் அரக்கி இருங்கோ. இன்னும் ஓராள் இருக்கலாம்" என்றாள் பொன்மலர்.

அபிகாயில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி அரக்கி இருந்தார். கஜந்தினி இடையில் வந்து இருந்தாள். ஏழு மணியானது. வெளிச்சம் மூவரின் தலைக்கும் மேலாகப் பின்னால் போனது.