ஹேங் ஆகாத நாட்கள்

பெரியவளுக்கு வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் வேலை. பத்து வருடம் உழைத்த கம்ப்யூட்டர் ஒருநாள் கையை விரித்துவிட்டது. தெருமுனைக் கடைக்காரரிடம் சொல்லிப் புதிதாக ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கினாள்.

வந்த இரண்டாம் நாள், கணக்குப் புத்தகம் ஒன்றின் நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தபோது திரை அப்படியே நின்றது. மவுஸ் நகரவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு ‘ட்ர்ர்ர்’ என்று இழுத்தது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டாள். ஒரு மணி நேரம் சமர்த்தாக ஓடிவிட்டு மறுபடி நின்றது. மறுநாள் ஐந்து மணி நேரம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மெயிலைத் திறந்ததற்கே நின்றது. எப்போது, எதற்கு என்று ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

கடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரைக்கும் அது ஒழுங்காகவே ஓடியது.

“புது மெஷின்மா. கொஞ்ச நாள்ல பழகிடும்.”

“பழகறதுக்கு இது என்ன செருப்பா?”

அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கித் தெருவைத் தொடுவதற்குள் திரை நின்றுவிட்டது.

இதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். வேறு ஊரில், பெரிய கம்ப்யூட்டர்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த அவளுடைய தங்கை. இருவரும் பேசி மூன்று வருடம் ஆகிறது.

அப்பாவுக்கு அவசரமாக ஆபரேஷன் என்றபோது, சின்னவள் அந்த ஊருக்குப் போய் வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவளை அலைக்கழிக்க வேண்டாம், நல்லபடியாக முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியவள் தானே கையெழுத்துப் போட்டாள். நல்லபடியாக முடியவில்லை. அப்பா போய், எல்லாம் ஆன பிறகு வந்து சேர்ந்த சின்னவள், “என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதோடு சரி.

நான்கு தடவை எழுதி, நான்கு தடவை அழித்த பிறகு பெரியவள் அனுப்பினாள்: “புதுசா அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகுது. என்ன பண்ணலாம்?”

மத்தியானம் பதில் வந்தது. “மெமரி ராம் எத்தனை? ரெண்டுன்னா ஒரே செட்டா?”

அவ்வளவுதான். ‘அக்கா’ இல்லை, ‘எப்படி இருக்கே’ இல்லை. ஆனாலும் பெரியவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு வேலை வந்தது. நின்றுபோகும் நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்து, கம்ப்யூட்டரின் பதிவுப் பட்டியலோடு அனுப்பச் சொன்னாள் சின்னவள். மெமரி சோதனையை ஓடவிட்டு அச்சகத்துக்குப் போய்வந்தபோது, அதில் தவறு எதுவும் இல்லை. சூடாகிறதா என்று பார்த்ததில் சூடும் இல்லை. பெட்டியைத் திறந்து மெமரி அட்டைகளான இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றச் சொன்னபோது பெரியவள், “உடைஞ்சிடாதா?” என்று கேட்டாள். “பயப்படாதே. திருப்பி வைக்கறப்ப நல்லா அழுத்து. க்ளிக்னு கேக்கும்” என்று வந்த செய்தியில் அந்த ‘பயப்படாதே’யிலேயே அன்றைக்கு முழுதும் மனம் கிடந்தது.

ஒரு ராமை மட்டும் போட்டால் இரண்டு நாள் சரியாக ஓடியது. மற்றதை மட்டும் போட்டாலும் ஓடியது. இரண்டையும் போட்ட அன்றே நின்றது.

“கடைக்காரர் வேற வேற கம்பெனி ராமை வாங்கிப் போட்டு, வேகத்தையும் ஏத்தி வச்சிருக்கார். ரெண்டும் சேர்ந்து அந்த வேகத்துல ஓடல. பயாஸ்ல, அதான் ஆன் ஆகறப்ப வர்ற செட்டிங்ல, போய்க் குறை” என்று படத்தோடு எழுதியிருந்தாள். பெரியவள் குறைத்தாள்.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் கணக்குப் புத்தகம் முடிந்து அச்சுக்கும் போய்விட்டது. போன் மட்டும் ஊமையாகக் கிடந்தது. முப்பது ஃபைல்களை ஒன்றாகத் திறந்துவைத்து, நின்றுவிடாதா என்று தான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது பெரியவளுக்கு உறைத்தபோது வெட்கமாகப் போயிற்று.

நான்காம் நாள் எழுதிவிட்டாள்: “இன்னைக்குப் பதினொண்ணே காலுக்கு மறுபடி ஹேங் ஆயிடுச்சு.”

“லாக் அனுப்பு.”

வழக்கமாக அனுப்புவதுதானே என்று யோசிக்காமல் அனுப்பினாள். கம்ப்யூட்டர் தனக்கு நேர்ந்ததையெல்லாம் தானே எழுதிவைத்துக்கொள்ளும் பட்டியல் அது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

“பதினொண்ணே காலுக்கு இதுல ஒண்ணுமே இல்ல. நாலு நாளா ஒரு தடவைகூட நிக்கல. மறுபடியும் என்கிட்ட மறைக்கிறியா?”

பெரியவள் உட்கார்ந்து எழுதினாள்: “ஆமா, பொய்தான் சொன்னேன். கம்ப்யூட்டர் நல்லா இருக்கு. சரியாயிடுச்சுன்னு சொன்னா நீ எழுத மாட்டியேன்னு இருந்துச்சு.”

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது.

“ஒண்ணு கேக்கறேன். பூசி மெழுகாம சொல்லணும்.”

“கேளு.”

“அன்னைக்கு அப்பா என்னைத் தேடினாரா?”

இல்லை, மயக்கத்திலேயே இருந்தார் என்று சொல்வதற்குப் பெரியவள் மூன்று வருடமாகத் தயாராக இருந்தாள். அது தொண்டை வரை வந்தது.

“தேடினார். உள்ளே கூட்டிட்டுப் போறதுக்குள்ள மூணு தடவை கேட்டார், ‘சுண்டு கிளம்பிட்டாளா’ன்னு. கிளம்பிட்டான்னு சொன்னேன்.”

“அவர்கிட்டயும் பொய்யா?”

“ஆமா.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“‘அவசரப்பட்டு ஓடிவர வேணாம், மெதுவா வரச் சொல்லு’ன்னார்.”

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பெரியவள் சமாதானம் சொல்லவில்லை. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

“இதை ஏன் அன்னைக்கே சொல்லல?”

“உன்னால தாங்க முடியாதுன்னு சொல்லிக்கிட்டேன். எனக்குத்தான் உன் மூஞ்சியைப் பாக்கத் தைரியம் இல்ல.”

சின்னவள் சொன்னாள். “எனக்குக் கோபம் போகலக்கா.”

“போகணும்னு கேக்கல. நேர்ல வந்து திட்டு.”

“லீவு கிடைக்கட்டும்.”

லீவு இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். சில நாள் சண்டை வந்து பாதியிலேயே வைத்துவிடுகிறாள். அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிடுகிறாள். பேசி முடிந்த பிறகும் பெரியவள் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுப்பதில்லை.