மலைக்குண்டான எடை

சரிவில் பாதி ஏறுவதற்குள்ளேயே இந்த மார்ட்டன் பனிவண்டி மேலே போகாது என்று வெண்டலுக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் த்ராட்டிலை முழுக்க அழுத்தியிருந்தது. எஞ்சின் கத்தத்தான் செய்தது; ஆனால் அந்தக் கத்தலில் வேகம் இல்லை. சளி கட்டிய தொண்டையோடு உச்சஸ்தாயியில் பாடப் பார்ப்பதைப் போல ஒரே இடத்தில் நின்று இழுத்தது. பின்னால் சுழலும் ரப்பர் பட்டை பனிக்குள் குழி தோண்டிக்கொண்டே இறங்கியது. முந்தின நாளெல்லாம் கொட்டிய புதுப்பனி, மாவு மாவாகப் பறந்து வந்து கண்ணாடியில் அப்பியது. கடைசியில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்புறம் புதைந்து நின்றேவிட்டது. இறங்கியவன் இடுப்புவரை அமிழ்ந்துபோனான். மேட்டின் உச்சியில் ஸ்டோர்விக் வண்டிமேல் உட்கார்ந்தபடி அவன் சிநேகிதன் ப்ரான்ட் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தான். இதே சரிவில் சற்றுமுன் அந்த ஸ்டோர்விக்கை வெண்டலே ஓட்டி ஏறியிருந்தான். படிக்கட்டு ஏறுவதுபோல ஏறியது அது.

ஸ்லேட் க்ரீக் ஊரில் பனிவண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டே கட்சி. ஒன்று ஸ்டோர்விக், மற்றது மார்ட்டன். கல்யாண விருந்தில் இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள். ஸ்டோர்விக்குக்கு மூக்கு லேசு. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், மரங்களுக்கு நடுவே பாம்பாய் நெளியும். மார்ட்டன் கொஞ்சம் பிடிவாதக்காரி, திருப்ப உடம்பை வருத்த வேண்டும். ஆனால் அதன் நீளப் பட்டை எவ்வளவு ஆழப்பனியிலும் படகுபோல மிதக்கும். எது மேல் என்று ஆண்டாண்டாக நடந்துவந்த சண்டையில் ஊர் காதுகொடுத்துக் கேட்ட தீர்ப்பு ஒன்று உண்டென்றால், அது வெண்டலும் ப்ரான்டும் ஒவ்வொரு குளிர்காலமும் படமெடுத்து இணையத்தில் போடும் ஒப்பீடுதான். கடையிலிருந்து வந்த வண்டி வந்தபடி, அதே மலை, அதே நாள், ஆளுக்கொரு முறை இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். வெண்டல் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவன். ப்ரான்ட் மர ஆலையில் மெக்கானிக். யாரிடமும் ஒரு தொப்பிகூட இலவசமாக வாங்கியதில்லை என்பது இருவருக்கும் பெருமை. அல்பெர்ட்டாவிலிருந்துகூட ஆட்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி வாங்கக் கடையில் பெயர் கொடுத்து வைப்பார்கள்.

ப்ரான்ட் கீழே இறங்கி வந்து மண்வாரியை எடுத்தான். இருவருமாகத் தோண்டினார்கள்.

"இவளுக்கு என்னடா ஆச்சு? மூச்சே இல்ல," என்றான் வெண்டல். "க்ளட்ச் சரியாத்தான இருக்கு?"

"நேத்து என் ஷெட்டுல தொறந்து பாத்தேனே. க்ளட்சுக்குள்ள மலைக்குண்டான இரும்பு எடைதான் போட்டிருக்கு. கம்பெனிக்காரன் இந்த வருஷம் கோட்டை விட்டுட்டான், அவ்ளோதான்." ப்ரான்ட் தலைக்கவசத்தைக் கழற்றி, வியர்வையில் ஒட்டிய முடியைக் கோதிக்கொண்டான். "இன்னொரு தடவ ஏத்திப் பாரேன். உனக்கே தெரியும்."

இன்னொரு தடவை ஏற்றினான். இன்னும் சீக்கிரமாகவே புதைந்தது.

கேமரா முன்னால் பேசப் போகும்போது வெண்டலுக்கு அக்கா நினைவு வந்தது. ஊரில் மார்ட்டன் விற்பது அவனுடைய அக்கா ஆர்லீன். அப்பா விட்டுப்போன கடை அது. அவன் மார்ட்டனைப் புகழ்ந்த வருடங்களில் அக்காவுக்காகச் சொல்கிறான் என்று பேசியவர்கள் உண்டு. அது அவனுக்கு எப்போதும் தைக்கும். இப்போது, நியாயம் எந்தப் பக்கம் என்று அவன் கண்ணாலேயே பார்த்தாயிற்று. கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "என் அக்காதான் இந்த வண்டிய விக்கறா. எல்லாருக்கும் தெரியும். அவ என்னைத் திட்டுவா. ஆனாலும் சொல்றேன். ஆழப்பனிக்கு இந்த வருஷம் மார்ட்டன் வாங்காதீங்க." சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு வலியும், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கர்வமும் இருந்தன.

அன்று சாயங்காலமே, மலையடிவாரத்தில் வண்டிகளை நிறுத்துமிடத்துக்கு ஆர்லீன் தன் லாரியோடு வந்திருந்தாள். மற்றவர்கள் சொல்லி அவளுக்குத் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிடுவது மரியாதை என்று அவன் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். பட்டையில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் அவள் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டினாள். ப்ரான்ட் ஓடிவந்து, "இருக்கட்டும் ஆர்லீன், கழுவித் தொடச்சு நாளைக்கு நானே கொண்டாந்து விடறேன்," என்றான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெண்டலிடம் மட்டும், "உனக்கு அப்படித் தோணுச்சுன்னா சொல்லிக்கோ. சந்தோஷமா இரு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

படம் வெளியானதும் ஊரே வெண்டலின் முதுகைத் தட்டியது. அக்கா என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னான் என்றார்கள். ஆர்லீன் கடையில் பெயர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து ஊர் ஸ்டோர்விக் கடைக்குப் போனார்கள். கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரியில் கடையின் வேலையாள் வேறிடம் போனான். பனி தள்ளும் லாரியில் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம், கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு நிற்கும் வண்டிகளை வெண்டல் பார்ப்பான். உள்ளே அக்கா நிற்பதும் தெரியும். கையை உயர்த்துவான். அவள் வேறெங்கோ பார்ப்பாள்.

மார்ச்சில் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். "கடைக்கு வா," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒப்பீட்டு வண்டி கடையின் பின்பக்கம் மூடி கழற்றப்பட்டு நின்றது. யாரும் கேட்காமல் மூலையில் கிடந்த வண்டியைக் குறைந்த விலைக்காவது தள்ளிவிடலாம் என்று அன்றுதான் திறந்திருக்கிறாள். வெண்டலின் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். ஒரு கையில் க்ளட்சிலிருந்து எடுத்த எடையை வைத்தாள். மற்ற கையில் அலமாரியிலிருந்து ஒரு புது எடையை எடுத்து வைத்தாள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன, விரல் நீளத்துக்கு வளைந்த இரும்புத் துண்டுகள். ஆனால் க்ளட்சில் இருந்தது கனத்தது.

"இது சமவெளிக்குண்டானது," என்றாள் ஆர்லீன். "ஏரிமேல ஓட்டறவன் போடறது. இதப் போட்டுக்கிட்டு மேல காத்து மெலிஞ்ச எடத்துக்குப் போனா எந்த வண்டி ஏறும்? இந்தக் கடையிலருந்து அது போனப்ப இத நான் போட்டு அனுப்பல."

வெண்டல் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றான். "ப்ரான்ட் தொறந்து பாத்தேன்னு சொன்னானே."

"பாத்திருப்பான்."

"கவனிக்காம விட்டிருக்கலாம். பாத்தா ஒண்ணு மாதிரிதான இருக்கு?"

"ஆலையில அத்தன மெஷினையும் பிரிச்சுப் போட்டுக் கண்ண மூடிட்டு மாட்டறவன். அவனுக்கா தெரியாது?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ அவனுக்காகத்தான் பேசுவ. எனக்காக ஒரு வார்த்த, ஒரு சந்தேகம், அன்னிக்கு உனக்கு வரல பாத்தியா. அதத்தான் என்னால முழுங்க முடியல."

வெண்டல் இரண்டு எடைகளையும் வண்டியின் இருக்கைமேல் வைத்தான். ப்ரான்டைப் பற்றி அப்படி நினைக்க அவனுக்கு வராது. சில வருடங்களுக்கு முன் பனிச்சரிவு ஒன்று வெண்டலை அடித்துக்கொண்டு போய் மரங்களுக்கடியில் மூடிவிட்டது. கையையும் அசைக்க முடியாமல், வாய்க்குள் பனி, கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. அப்போது தலைக்கு மேல் மண்வாரி உரசும் சத்தம் கேட்டது. முதலில் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த ப்ரான்டின் முகம். கையுறை கிழிந்து விரலெல்லாம் ரத்தம். அந்த முகத்தைத் தாண்டி யோசிக்க வெண்டலால் எப்படி முடியும்?

எங்கோ தவறு நடந்துவிட்டது, அதை இருவருமாகச் சேர்ந்து ஊருக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். மறுநாள் காலையில் டாட்டி காபிக்கடையில் வைத்து எடை விஷயத்தைச் சொல்லிப் பார்த்தான். மஞ்சள்கரு ஒழுகும் முட்டையை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்த கஸ் என்ற லாரிக்காரர் சிரித்தார்.

"அக்கா காதத் திருகிட்டாளாக்கும்? நல்லாத்தான் இருக்கு. ஒரு குளிர்காலம் பூரா யோக்கியனா இருந்த, போதாதா?"

"நான் கண்ணால பாத்தேன் கஸ்."

"அன்னிக்கும் கண்ணாலதான பாத்த?" மேஜை முழுக்கச் சிரித்தது. கஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். "ஏம்ப்பா, உன் சிநேகிதன் என்ன சொல்றான்? பழைய டயர்க்கடைய எடுத்திருக்கானே, அங்க போர்டு மாட்டி ஸ்டோர்விக் விக்கப்போறானாமே? உங்கிட்ட சொல்லாமயா இருப்பான்?"

காபி சூடாகத்தான் இருந்தது. வெண்டல் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

ப்ரான்ட் போனில் பிடி கொடுக்கவில்லை. "மேல புதுப்பனி கொட்டிக் கெடக்குடா. வா, போலாம். அங்க பேசிக்கலாம்," என்றான், எப்போதும்போல. சனிக்கிழமை போனார்கள். ப்ரான்ட் தன் புது ஸ்டோர்விக்கில். வெண்டல், ஆர்லீனிடம் கேட்டு வாங்கிய அதே மார்ட்டனில், மலைக்குண்டான எடையோடு. அடிவாரத்தில் வழக்கம்போல பனிச்சரிவில் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்க ஒருவர் மார்பில் கட்டிய சிக்னல் கருவியை மற்றவர் சோதித்துக்கொண்டார்கள். ப்ரான்ட் மார்ட்டனைப் பார்த்தான், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான்.

அதே சரிவு. வெண்டல் நிற்கவே இல்லை. த்ராட்டிலை அழுத்திய மாத்திரத்தில் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு பனியின் மேல் மிதந்து ஏறியது. இரண்டு பக்கமும் பனி இறக்கைபோல விரிந்து விழுந்தது. உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவு நல்ல ஏற்றத்தை அவன் வாழ்நாளில் ஏறியதில்லை. அழுகை வந்தது.

ப்ரான்ட் பக்கத்தில் வந்து எஞ்சினை அணைத்தான். மேற்கே மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"டயர்க்கடைய எடுத்திருக்கியாமே."

"கஸ் சொன்னானா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன்." ப்ரான்ட் கண்ணாடியைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த பனியை நகத்தால் சுரண்டினான். "வாழ்க்க பூரா ஆலையிலயே கெடக்கச் சொல்றியா?"

"எடைய நீதான மாத்தின?"

ப்ரான்ட் சுரண்டிக்கொண்டே இருந்தான். இல்லை என்று சொல்வான் என்று வெண்டல் காத்திருந்தான். சொல்லியிருந்தால் அப்போதுகூட நம்பியிருப்பான்.

"மார்ட்டன் மோசம்னு நான் சொல்லியிருந்தா எவன்டா நம்பியிருப்பான்?" என்றான் ப்ரான்ட் கடைசியில். "கடை போர்டு ஏறினதும், இதுக்குத்தான் சொன்னான்னு காறித் துப்பியிருப்பாங்க. நீ சொன்னா அப்படியில்ல. உன் அக்கா வண்டிய நீயே மோசம்னு சொன்னா, அதுக்கு மேல எவன் பேசுவான்? உன் வார்த்தைக்கு இந்த மலையில அப்படி ஒரு மதிப்பு."

பாராட்டுவதைப் போலவே சொன்னான் அதை. வெண்டலுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எடையை மாற்றியதுகூட அப்புறம். தன்னிடம் இருந்த ஒரே நல்ல சாமானான அந்த மதிப்பை ப்ரான்ட், எது எங்கே வைத்திருக்கிறது என்று தெரிந்த வீட்டுக்காரனைப் போல வந்து எடுத்து, அதை வைத்தே அக்காவை அடித்திருக்கிறான். அடித்த கை வெண்டலுடையது. கேமரா முன்னால் நின்றபோது உள்ளுக்குள் துளிர்த்த அந்தக் கர்வத்தை நினைத்ததும் அவனுக்கு உடம்பு கூசியது.

"என் வாயால சொல்ல வெச்சிட்டியேடா," என்றான்.

"அவ கடை எப்படியும் ரொம்ப நாள் தாங்காது வெண்டல். நீ என்கூட வந்துடு. நாம சேர்ந்து..."

"அவளப் பத்திப் பேசாத."

"உன்ன நான் தோண்டி எடுத்தவன்டா."

"தெரியும்," என்றான் வெண்டல். "தெரியும். அதனாலதான் அன்னிக்கு நீ சொன்னத நான் திரும்பக் கேக்கல."

காற்று திரும்பியது. பேசிக்கொண்டிருந்தபோதே மேகம் உச்சியை மூடிவிட்டது. வானம், தரை, சரிவு எல்லாம் ஒரே வெள்ளை. வண்டியின் மூக்கு முனைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. ஏறிவந்த தடங்களைக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் செங்குத்தான பாறை, இடப்பக்கம் எப்போது வேண்டுமானாலும் சரியக் காத்திருக்கும் பனித்திட்டு. நடுவே இறங்கும் வழியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிக்கக்கூடியவன் ப்ரான்ட் ஒருவன்தான். முன்னால் போவது எப்போதும் அவன்தான்.

"பின்னாலயே வா. லைட்ட விட்றாத," என்று கத்திவிட்டு ப்ரான்ட் எஞ்சினைக் கிளப்பினான்.

வெண்டல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஸ்டோர்விக்கின் பின்விளக்கு வெள்ளைக்குள் போய், ஒரு சிவப்புப் பொட்டாகச் சிறுத்து மறைந்தது. சத்தமும் தேய்ந்தது. காற்று மட்டும் மார்ட்டனின் மேல் பனியைத் தூவிக்கொண்டிருந்தது. கையுறைகளின் மேல் அது மெல்லப் படிவதை அவன் பார்த்தான்.

கீழே எங்கோ எஞ்சின் சத்தம் தணிந்து ஒரே சுருதியில் நின்றது. காற்று சற்றே விலகிய இடைவெளியில் அந்தச் சிவப்பு விளக்கு மறுபடி தெரிந்தது. அசையாமல், அவனுக்காகக் காத்துக்கொண்டு.